பிரான்ஸ் எப்படி வென்றது? புதுச்சேரி ஏன் கொண்டாடியது?

ஜூலை 15 ஞாயிறு இரவு பத்தரை மணியளவில் மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானத்தில் இறுதி விசில் ஒலித்தபோது, புதுச்சேரியின் வெள்ளை நகரத்தில் முந்தைய நாளின் விழாக்கோலம் இன்னும் கலைந்திருக்கவில்லை. பிரெஞ்சு தேசிய தினத்துக்கு முதல்நாள் மாலை விளக்கேந்திய ஊர்வலம், 14ஆம் தேதி கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலரஞ்சலி, மறுநாளே உலகக் கோப்பை இறுதியாட்டம் என மூன்று நாள்கள் தொடர்ச்சியாக நகரத்துக்கு வாய்த்தன. மூவண்ணக் கொடிகள் பறந்தன. வாகனங்கள் நுழைய முடியாத கடற்கரைச் சாலையில் ‘அலே லே ப்ளூ’ முழக்கம் கேட்டது. முழங்கியவர்களில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், பிரெஞ்சு மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர்கள் எத்தனை பேர் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அன்றிரவே துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ட்விட்டரில் ஒரு வாழ்த்துச் செய்தி வெளியிட்டார். முன்னாள் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த புதுச்சேரிக்காரர்களாகிய நாம் உலகக் கோப்பையை வென்றுவிட்டோம் என்பது அதன் சாரம். பல இனத்தவர் கலந்த அணி என்ற பாராட்டும் அதில் இருந்தது. பின்னர் நடந்தது தெரிந்ததே. அடிமைப்பட்டிருந்த காலத்தைப் பெருமையாகப் பேசுவதா என்று ஒரு சாரார் கொதித்தார்கள். அப்படியானால் பிரிட்டிஷ் இந்தியா எத்தனை கோப்பைகளை வென்றிருக்கிறது என்று இன்னொரு சாரார் கேலி செய்தார்கள். ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் இடையே அப்போது ஏற்கெனவே அதிகாரப் போட்டி நடந்துகொண்டிருந்த ஊரில் ‘நாம்’ என்ற சொல்லே அரசியலாகிவிட்டதில் வியப்பில்லை.

ஆனால், இந்த ஒரு வாரமாகத் தேநீர்க் கடைகளிலும் கடற்கரைத் திண்டுகளிலும் ரசிகர்கள் விவாதித்துக்கொண்டிருப்பது அந்தச் செய்தியைப் பற்றி அல்ல. பிரான்ஸ் தகுதியால் வென்றதா, அதிர்ஷ்டத்தால் வென்றதா என்பதே அவர்களுடைய சண்டை. அது வீண் சண்டை அல்ல. எப்படி வென்றார்கள் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால், ‘நாம் வென்றோமா’ என்ற கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே கிடைக்கிறது.

அதிர்ஷ்டக் கட்சியின் வாதம்

அதிர்ஷ்டம் என்பவர்களிடம் சான்றுகள் இல்லாமல் இல்லை. 18ஆவது நிமிடத்தில் விழுந்த முதல் கோல், குரோஷியாவின் மாண்ட்சுகிச் தன் தலையால் தன் அணியின் வலைக்குள்ளேயே தட்டிவிட்டது. உலகக் கோப்பை இறுதியாட்ட வரலாற்றில் அதுவே முதல் சுயகோல். அந்த ஃப்ரீ கிக் கிடைத்த விதமும் சர்ச்சைக்குரியது. எதிராளியின் கால் படும் முன்பே கிரீஸ்மேன் விழத் தொடங்கிவிட்டார் என்பது மறு ஒளிபரப்பைப் பார்த்த எவருக்கும் தெரியும். 28ஆவது நிமிடத்தில் பெரிசிச் அழகான கோல் அடித்துச் சமன்செய்தார். பத்து நிமிடம் கழித்து அதே பெரிசிச்சின் கையில் பந்து பட்டது. அர்ஜென்டினா நடுவர் பிதானா, காணொளித் திரைக்குச் சென்று பார்த்து, திரும்பி, மீண்டும் போய்ப் பார்த்துப் பெனால்டி வழங்கினார். முதல் பாதியில் பிரான்ஸ் இலக்கை நோக்கி அடித்த ஒரே பந்து அந்தப் பெனால்டிதான். கணக்கோ இரண்டுக்கு ஒன்று!

ஆட்டம் முழுவதிலும் பந்து அறுபது விழுக்காட்டுக்கும் அதிகமான நேரம் குரோஷியாவிடம் இருந்தது. கோலை நோக்கிய முயற்சிகளிலும் அவர்களே ஏறக்குறைய இருமடங்கு முன்னே இருந்தார்கள். எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “நாற்பத்தைந்து நிமிடம் மோட்ரிச் ஆடினார், இவர்கள் பார்த்தார்கள், ஆனால் பலகையில் இவர்கள் பெயருக்கு நேரே இரண்டு” என்றார். முதல் பாதியைப் பொறுத்தவரை அவரை மறுக்க என்னாலும் இயலவில்லை. பெனால்டி விஷயத்தில் அன்றைய விதியின்படி நடுவர் செய்தது தவறில்லை என்பேன். கிரீஸ்மேன் விழுந்ததை நியாயப்படுத்த மாட்டேன்.

எனினும், அதிர்ஷ்டம் என்ற சொல் ஓர் ஆட்டத்தை விளக்கும். ஏழு ஆட்டங்களை விளக்காது. காலிறுதியில் உருகுவேக்கு எதிராக வரான் தலையால் அடித்த கோல், கிரீஸ்மேனின் ஃப்ரீ கிக்கிலிருந்து வந்தது. அரையிறுதியில் பெல்ஜியத்தை வீழ்த்திய உம்டிட்டியின் கோல், கிரீஸ்மேனின் கார்னரிலிருந்து வந்தது. இறுதியாட்டத்தின் முதல் கோலும் அவருடைய ஃப்ரீ கிக். அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் நின்ற பந்திலிருந்து முதல் கோல் வருகிறதென்றால், அதற்குப் பெயர் தற்செயல் அல்ல, பயிற்சி. எதிரணியின் எல்லைக்குள் ஒரு பந்தைத் துல்லியமாக விழவைத்து, உயரமான மூன்று நான்கு பேரை ஒரே நேரத்தில் ஓடவிட்டால், யாருடைய தலையில் பட்டு உள்ளே போகும் என்பது மட்டுமே அதிர்ஷ்டம்.

தெஷாம்ப் கற்ற பாடம்

இரண்டாண்டுகளுக்கு முன், 2016 யூரோ கோப்பை இறுதியாட்டத்தில் சொந்த மண்ணில், ரொனால்டோ காயத்தால் வெளியேறிய பின்னும், போர்ச்சுகலிடம் கூடுதல் நேரத்தில் ஒரு கோலில் தோற்றது பிரான்ஸ். பந்தை வைத்துக்கொண்டு ஆடியது பிரான்ஸ்; காத்திருந்து அடித்தது போர்ச்சுகல். பயிற்சியாளர் தெஷாம்ப் இம்முறை அந்த இடத்தில் தானே போய் நின்றுகொண்டார். பந்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், வெட்டவெளியை எங்களுக்கு விடுங்கள் என்பதுதான் அவருடைய உத்தி.

ரஷ்யாவில் அது முதல் நாளிலேயே கைகூடிவிடவில்லை. ஜூன் 16 அன்று கஸானில் ஆஸ்திரேலியாவை 2-1 என்று தட்டுத்தடுமாறி வென்ற பிரான்ஸ், எம்பாப்பே, கிரீஸ்மேன், டெம்பெலே ஆகிய மூன்று வேகமான முன்கள வீரர்களோடு ஆடியது. மூவருக்கும் தேவையான வெட்டவெளி அங்கே இல்லை. அடுத்த ஆட்டத்தில் டெம்பெலேவையும் டொலிசோவையும் அமரவைத்து, ஜிரூவையும் மட்டுய்டியையும் இறக்கினார் தெஷாம்ப். கோப்பை பெரும்பாலும் அந்த முடிவில் இருக்கிறது என்பது என் கருத்து. ஜிரூ ஏழு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்கவில்லை. இலக்கை நோக்கி அவரது ஓர் அடிகூடச் செல்லவில்லை. நம் ஊர் ரசிகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால், எதிரணியின் இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு அவர் நின்றதால்தான் எம்பாப்பேக்கு ஓடப் பாதை கிடைத்தது. மட்டுய்டியோ பெயருக்கு இடப்புற வீரர். உண்மையில் நான்காவது நடுக்கள வீரராகவே உழைத்தார்.

இதன் பலனை எண்ணில் சொல்லலாம். முழுத் தொடரிலும் பிரான்ஸ் எதிரணியைவிடப் பின்தங்கியிருந்தது ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் மட்டுமே. அர்ஜென்டினாவுக்கு எதிராக 48ஆவது நிமிடத்தில் 1-2 என்றானது. 57ஆவது நிமிடத்தில் பவார் அடித்த அந்த அற்புதமான அடியோடு அந்தப் பின்னடைவு முடிந்தது. அரையிறுதியில் தோற்ற பெல்ஜியம் கோல்காப்பாளர் கோர்ட்வா, இது கால்பந்துக்கு எதிரான கால்பந்து என்று கசந்து பேசினார். அவருடைய வருத்தம் புரிகிறது. அழகை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு இந்த அணி அள்ளிக் கொடுத்தது அர்ஜென்டினா ஆட்டத்தில் மட்டுமே.

இறுதியாட்டத்தின் திருப்புமுனை என்று நான் கருதுவது பெனால்டியை அல்ல, 55ஆவது நிமிடத்தை. அதுவரை தொடரின் மிகச் சிறந்த உழைப்பாளியாக இருந்த காண்டே அன்று தடுமாறினார். மஞ்சள் அட்டையும் பெற்றுவிட்டார். இரண்டுக்கு ஒன்று என முன்னணியில் இருக்கும் அணி, தன் நடுக்களத் தூணைப் பிடுங்கி வெளியே வைக்கத் துணிவதில்லை. தெஷாம்ப் துணிந்தார். உயரமான ன்ஸோன்ஸி உள்ளே வந்தார். நான்கு நிமிடத்தில், போக்பா தன் பாதியிலிருந்து வலப்புறம் எம்பாப்பேக்கு அனுப்பிய நீண்ட பந்து திரும்பி அவரிடமே வந்தது. வலக்கால் அடி தடுக்கப்பட, இடக்காலால் மூன்றாவது கோல். 65ஆவது நிமிடத்தில் எம்பாப்பே தூரத்திலிருந்து அடித்தது நான்காவது. இறுதியாட்டத்தில் கோலடித்த பதின்வயதினர் 1958இல் பெலே, அதற்குப் பின் இவர்தான். கோல்காப்பாளர் லோரிஸ் தேவையில்லாத வித்தை காட்டி மாண்ட்சுகிச்சுக்கு ஒரு கோலைத் தானமாகக் கொடுத்ததால் கணக்கு 4-2 ஆனது.

குரோஷியாவுக்கு இழைக்கப்பட்ட உண்மையான அநீதி நடுவரிடமிருந்து வரவில்லை, அட்டவணையிலிருந்து வந்தது. டென்மார்க், ரஷ்யா, இங்கிலாந்து என மூன்று ஆட்டங்களிலும் அவர்கள் கூடுதல் நேரம் ஆடினார்கள். மூன்று முப்பது தொண்ணூறு. அதாவது பிரான்ஸைவிட ஒரு முழு ஆட்டம் அதிகம். அரையிறுதியையும் ஒரு நாள் பின்னால் ஆடினார்கள். பிரான்ஸின் மூன்றாவது, நான்காவது கோல்களின்போது குரோஷிய நடுக்களத்தினர் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். மனம் ஓட நினைத்தாலும் கால்கள் ஓடவில்லை. நாற்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் கொண்ட ஒரு நாடு அந்தக் கால்களோடு இறுதிவரை வந்ததே பெரிய கதை.

கறுப்புக் கால்களும் வெள்ளைக் கோப்பையும்

வெற்றிக்குப் பின் எழுந்த இன்னொரு விவாதம் நம் ஊரைத் தொடுவது. ‘ஆப்பிரிக்கா உலகக் கோப்பையை வென்றது’ என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ட்ரெவர் நோவா வேடிக்கையாகச் சொன்னார். வாஷிங்டனிலுள்ள பிரெஞ்சுத் தூதர் ஷெரார் அரோ கோபமாகக் கடிதம் எழுதினார். ஒருசிலரைத் தவிர எல்லா வீரர்களும் பிரான்ஸில் பிறந்து, பிரான்ஸில் பயின்றவர்கள், அவர்கள் முழுமையான பிரெஞ்சுக் குடிமக்கள் என்றார். தகவல் சரியே. 23 பேரில் அயல்நாட்டில் பிறந்தவர்கள் கேமரூனில் பிறந்த உம்டிட்டியும், கின்ஷாசாவில் பிறந்த மாண்டண்டாவும் மட்டுமே. ஒருவர் ஆப்பிரிக்கராகவும் பிரெஞ்சுக்காரராகவும் ஒருசேர இருக்கக் கூடாதா என்று நோவா திருப்பிக் கேட்டார். அதுவும் சரியே.

இருவரும் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இவர்களை உருவாக்கியது பிரான்ஸ் என்ற பொதுப்பெயரோ ஆப்பிரிக்கா என்ற பொதுப்பெயரோ அல்ல. பாரிஸின் புறநகர்களில் இருக்கும் சிறிய நகராட்சிக் கழகங்கள். எம்பாப்பே போந்தியில் வளர்ந்தவர். காண்டே, சுரேன் என்ற சின்னஞ்சிறு கழகத்தில் ஆடியவர். போக்பா ருவாஸி-ஆன்-பிரியில் தொடங்கியவர். 2005ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், காவலர்களிடமிருந்து தப்பியோடிய இரு சிறுவர்கள் மின்நிலையத்தில் கருகி இறந்ததை அடுத்துத் தீப்பிடித்து எரிந்த கிளிஷி-சூ-புவா, போந்திக்குச் சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது. எம்பாப்பேக்கு அப்போது ஆறு வயது. அந்தப் புறநகர்களின் மீது பிரெஞ்சு அரசு காட்டிய அன்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1998இல் ஜிதானின் அணி வென்றபோதும் ‘கறுப்பர், வெள்ளையர், அரபியர்’ ஒற்றுமை என்று ஷான்ஸ் எலிசேயில் பாடினார்கள். ஏழே ஆண்டில் வாகனங்கள் எரிந்தன.

ஆனால், மைதானங்கள் இருந்தன. நகராட்சி பராமரிக்கும் மைதானம், உரிமம் பெற்ற பயிற்சியாளர், சிறுவனுக்குப் பதிவு அட்டை, வாரந்தோறும் ஆட்டம். பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பில் பதிவு பெற்றவர்கள் 20 லட்சத்துக்கும் அதிகம். பாரிஸுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிளேர்ஃபோன்டேன் மையம் 1988இல் தொடங்கப்பட்டது. பாரிஸ் வட்டாரத்துப் பதின்மூன்று வயதுச் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டுகள் அங்கே தங்கவைக்கிறார்கள். அதன் சிறப்பு என்னவென்றால், வார நாள்களில் பள்ளிப் படிப்பும் பயிற்சியும். வார இறுதியில் சிறுவன் வீட்டுக்குப் போய்த் தன் பழைய சிறு கழகத்துக்காகவே ஆடுவான். மையம் அவனைக் கழகத்திடமிருந்து பறித்துக்கொள்வதில்லை. ஆன்றி, மட்டுய்டி, எம்பாப்பே எல்லாரும் இந்த வழியே வந்தவர்கள். பிற்காலத்தில் அந்த வீரர் ஒப்பந்தத்துக்கிடையே வேறு அணிக்கு விற்கப்படும்போது, தொகையில் ஐந்து விழுக்காட்டை, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்று ஃபிஃபாவின் விதியும் இருக்கிறது. சிறு கழகங்களுக்கு அந்தப் பணமே புல் தரையாகிறது, பேருந்தாகிறது.

நம் ஊர்க் கணக்கு

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். பிரான்ஸோடு நமக்கு உறவில்லை என்று சொல்வது வரலாற்றைத் தெரியாதவர் பேச்சு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’க்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸின் அதே வடக்குப் புறநகர்களில் வாழ்கிறார்கள். ஒரு வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. அண்ணன் பிள்ளையின் நாடு வென்றால் சித்தப்பா வீட்டில் பட்டாசு வெடிப்பதை யாரும் தேசபக்திக் குறைவு என்று சொல்ல முடியாது.

அதே வரலாற்றில் 1936 ஜூலை 30ஆம் தேதியும் இருக்கிறது. எட்டு மணிநேர வேலை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் காவலர்கள் சுட்டதில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள்.  ஆட்சிப் பகுதியாக இருந்ததைக் காட்டி, ஆகவே நாம் வென்றோம் என்பவர் இந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். உறவின் பெயரால் ஒரு குடும்பம் மகிழ்வது வேறு. ஆட்சியின் பெயரால் ஓர் அரசு உரிமை கொண்டாடுவது வேறு.

அரசின் உரிமைக் கோரிக்கையை வேறொரு வகையில் சோதிக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற விளையாட்டுகளில் இன்றும் இங்கே வேரோடு இருப்பது கால்பந்தைவிட ‘பெத்தாங்க்’தான். மாலையில் இரும்புக் குண்டுகளோடு மண்தரையில் குனிந்து நிற்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். கால்பந்துப் பித்து மிகுந்திருப்பது நம் ஒன்றியப் பகுதியிலேயே தொலைதூரத்தில், கேரளத்தால் சூழப்பட்ட மாஹேயில். அது மலபாரின் பித்து. அங்கே பிரான்ஸ் கொடிக்குச் சமமாக அர்ஜென்டினா, பிரேசில் கொடிகளும் பறக்கும். புதுச்சேரி நகரத்தில் ஒரு சிறுவன் கால்பந்து ஆட நினைத்தால் உப்பளம் விளையாட்டரங்கம், சில பள்ளி மைதானங்கள், அதற்குமேல் கடற்கரை மணல். தெருவுக்கொரு எம்பாப்பே சட்டை தென்படுகிறது. அந்தச் சட்டையை அணிந்தவனுக்கு வாரந்தோறும் ஓர் ஆட்டம், பெயர் எழுதிய பதிவு அட்டை, பெயர் சொல்லி அழைக்கும் பயிற்சியாளர் உண்டா என்று கேட்டால் பதில் சுருக்கமாகவே இருக்கும்.

நம் ஆர்வத்தின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்திய அணி சீன தைபேயை 5-0 என்று வீழ்த்தியபோது மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அணித் தலைவர் சுனில் சேத்ரி, எங்களைத் திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று காணொளியில் கைகூப்பிக் கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிறைந்தது. ஜூன் 10 இறுதியாட்டத்தில் அவரே இரண்டு கோல் அடித்துக் கென்யாவை வென்று கோப்பையைத் தூக்கினார். அன்றிரவு கடற்கரைச் சாலையில் யாரும் முழங்கியதாக எனக்கு நினைவில்லை. நானும் போகவில்லை.

இதைவிட நெருக்கமான வெற்றி ஒன்று இருக்கிறது. 2018 பிப்ரவரி 14 அன்று கட்டாக்கில், தேசிய மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தில் தமிழ்நாடு அணி மணிப்பூரை 2-1 என்று வென்றது. மகளிர் கால்பந்தில் மணிப்பூர் என்றால் பிரேசில் மாதிரி. தமிழ்நாட்டுக்கு இது முதல் பட்டம். அந்த அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். புதுச்சேரியிலிருந்து பேருந்தில் ஒரு மணிநேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். 2004 சுனாமிக்குப் பின், காப்பகத்தில் வளர்ந்த சிறுமிகளும் மீனவக் குடும்பத்துப் பெண்களுமாகச் சேர்ந்து அங்கே கால்பந்து வேர்பிடித்தது. போந்தியில் நடந்ததும் கடலூரில் நடந்ததும் அளவில்தான் வேறு, வகையில் ஒன்றே. யாரோ ஒருவர் தினமும் மாலையில் மைதானத்துக்கு வந்து நின்றார், பிள்ளைகள் வந்தார்கள், பந்து இருந்தது.

மழைக்காலம் தொடங்க இன்னும் இரண்டு மாதங்களுக்கு மேல் இருக்கிறது. உலகக் கோப்பை முடிந்த சூட்டில் சிறுவர்கள் காலை ஆறு மணிக்கே பந்தோடு கிளம்பிவிடுகிறார்கள். நகராட்சிப் பள்ளி மைதானங்களை மாலையில் பூட்டாமல் திறந்துவிட்டு, ஒவ்வொன்றிலும் உரிமம் பெற்ற ஒரு பயிற்சியாளரை அமர்த்தி, பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு வாரந்தோறும் ஆட்டம் நடத்த ஆகும் செலவு, ஒரு வட்டாரத்தின் விழாச் செலவைத் தாண்டாது. நேற்று மாலை கடற்கரையில் நான் பார்த்த ஆட்டத்தில் கோல் கம்பங்களுக்குப் பதில் நான்கு செருப்புகள் இருந்தன. ஒரு பையன் எதிராளி தொடும் முன்பே விழுந்து ஃப்ரீ கிக் கேட்டான். கிரீஸ்மேன் மாதிரி ஏமாற்றுகிறான் என்று மற்றவர்கள் கத்தினார்கள். அரைமணி நேரமாகியும் அந்த வழக்கு தீரவில்லை.